இறுகிப்போன இம்பிளான்டை எடுத்துவிட்டு வயிற்றுத் திசுவால் மார்பகம் அமைப்பது: ஒரு சகோதரியின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். 54 வயதுச் சகோதரி ஒருவருக்கு 2016இல் புற்றுநோய்க்காக இடது மார்பகம் அகற்றப்பட்டது. அதே அறுவையில் சிலிக்கான் இம்பிளான்டும், அதாவது மார்பக வடிவம் தரும் செயற்கைப் பையும், வைக்கப்பட்டது. பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தப் பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறிவிட்டது. இரவில் இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. இம்பிளான்டை மாற்றலாம், அல்லது வயிற்றுத் திசுவைக் கொண்டு மார்பகம் அமைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். நீரிழிவுக்கு மாத்திரையும், புற்றுநோய் திரும்பாமல் தடுக்க டாமொக்சிபன் மாத்திரையும் உட்கொள்கிறார். "இந்த வயதில் இவ்வளவு பெரிய அறுவை எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நான் மருத்துவர் அல்ல. சிங்கப்பூரில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக இருந்து, இந்த அறுவை முடிந்து வரும் பெண்களை இரவும் பகலும் கவனித்துக்கொண்டவள். அந்த அனுபவத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு பட்ட இடத்தில் ஒரு முறை இறுகிய இம்பிளான்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்தால், அதுவும் இறுகிவிடும் அபாயம் அதிகம். உங்கள் உடல் நீண்ட அறுவையைத் தாங்கும் என்று மருத்துவர்கள் கருதினால், வயிற்றில் போதிய திசு இருந்தால், வீட்டில் ஆறு வாரத்துக்கு உங்கள் வேலையைச் செய்ய ஆள் இருந்தால், நான் சொந்தத் திசுவைத்தான் பரிந்துரைப்பேன். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவசரப்படக் கூடாது.

எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இறுக்கத்துக்குக் காரணம் வெறும் தழும்புதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிலிக்கான் இம்பிளான்ட் உள்ளே கிழிந்தாலும் பல பெண்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் வைத்த ஐந்தாம் அல்லது ஆறாம் ஆண்டில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளான்டுகளைச் சுற்றி, மிக அரிதாக, ஒருவகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) தோன்றுவதுண்டு. இது மார்பகப் புற்றுநோய் அன்று. பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து இம்பிளான்டைச் சுற்றித் திடீரென நீர் கோத்து வீங்குவதே முதல் அறிகுறி. இதன் காரணமாகவே அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை இம்பிளான்டுகள் 2019 ஜூலையில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உங்களுடையது 2016இல் வைக்கப்பட்டது என்பதால், அப்போது கொடுத்த இம்பிளான்ட் அட்டையைத் தேடி எடுத்து அதன் வகையைப் பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவுகளிலிருந்து கேட்டு வாங்கலாம். புற்றுநோய் மீண்டும் வரவில்லை என்பதையும் உங்கள் புற்றுநோய் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

இறுக்கம் எப்படி வருகிறது? உடலுக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய தழும்புச் சவ்வை நெய்துவிடும். எல்லாருக்கும் நடப்பதுதான், அதில் கெடுதல் இல்லை. சிலருக்கு அந்தச் சவ்வு தடித்து, சுருங்கி, உள்ளே இருக்கும் இம்பிளான்டை ஒரு முஷ்டி போல் நெருக்குகிறது. இம்பிளான்ட் கல்லாகிவிட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் வெளியே எடுத்துப் பார்த்தால் அது மெத்தென்றே இருக்கும். கதிர்வீச்சு இந்தச் சுருக்கத்தைப் பல மடங்கு தூண்டுகிறது. கதிர் பட்ட தோலிலும் தசையிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் குறைந்து, திசு நார்நாராக மாறி, நெகிழ்வை இழந்துவிடுகிறது. புதிய இம்பிளான்டை அதே உலர்ந்த உறைக்குள் வைக்கும்போது காரணம் அங்கேயே இருக்கிறது. வயிற்றுத் திசுவோ தனக்கான இரத்த ஓட்டத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான்.

அறுவையில் நடப்பது இது. தொப்புளுக்குக் கீழே, இடுப்பு எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை, தோலும் கொழுப்பும் ஒரு படகு வடிவில் எடுக்கப்படுகின்றன. 1982இல் அமெரிக்க மருத்துவர் ஹார்ட்ராம்ப் வெளியிட்ட டிராம் முறையில் இதோடு வயிற்றுத் தசையும் போனது. அதனால் பின்னாளில் வயிறு தளர்ந்து புடைப்பதும் குடலிறக்கம் வருவதும் இருந்தன. 1989இல் ஜப்பானிய மருத்துவர் கோஷிமா, தசையை ஊடுருவி வரும் சிறு குழாய்களை மட்டும் தசைக்குள்ளிருந்து பிரித்தெடுத்து, தசையை விட்டுவிடலாம் என்று காட்டினார். 1994இல் ஆலனும் டிரீஸும் அதை மார்பகத்துக்குப் பயன்படுத்தியதைப் பதிவுசெய்தார்கள். மருத்துவர்கள் டீப் ஃபிளாப் என்று சொல்வது இதைத்தான். எடுத்த திசுவின் இரத்தக் குழாய்களை, மார்பெலும்பின் ஓரமாக விலா எலும்புகளுக்கு அடியில் ஓடும் குழாய்களோடு, நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைக்கிறார்கள். அந்தக் குழாய்களின் குறுக்களவு பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். ஒரு பக்கத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பழைய தழும்பைப் பிரிக்க வேண்டியிருந்தால் இன்னும் நீளலாம்.

முதல் முறையாகச் செய்வதற்கும் இம்பிளான்டிலிருந்து மாறுவதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே முதலில் இம்பிளான்டையும், தடித்த சவ்வை முழுதாகவோ பகுதியாகவோ அகற்ற வேண்டும். இம்பிளான்ட் மார்புத் தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தசையைக் கீழே இறக்கி விலா எலும்புகளின் மேல் அதன் பழைய இடத்தில் தைக்கிறார்கள். கைகளை இறுக்கினால் மார்பகம் துள்ளி ஒதுங்குகிறது என்று சங்கடப்பட்ட பெண்களுக்கு இந்த ஒரு திருத்தமே பெரிய நிம்மதியைத் தந்ததைக் கண்டிருக்கிறேன். கதிர் பட்ட தோல் மிகவும் சுருங்கியிருந்தால் அதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு வயிற்றுத் தோலைப் பதிக்க வேண்டியிருக்கும். வயிற்றுத் தோலின் நிறம் மார்புத் தோலோடு ஒத்துப்போகாமல் ஒரு திட்டுப் போலத் தெரியும். நம்மவர்களின் தோலில் தழும்பு தடித்து மேலெழும் இயல்பும் சற்று அதிகம். வேறு எங்காவது கீலாய்டு, அதாவது அப்படித் தடித்து வளரும் தழும்பு, வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அறுவைக்குப் பின் சிலிக்கான் பட்டை ஒட்டுவது போன்றவற்றை அவர் முதலிலேயே திட்டமிடுவார்.

சிசேரியன் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடிவயிற்றில் குறுக்காகப் போடப்பட்ட தழும்பு பெரும்பாலும் தடையாவதில்லை. தொப்புளுக்கு மேலும் கீழும் நெடுக்காக ஓடும் தழும்பு இருந்தால் திசுவின் ஒரு பாதிக்கு இரத்தம் குறையலாம். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் குறைக்கும் அறுவை (டம்மி டக்) செய்தவர்களுக்கோ இந்த முறையே பொருந்தாது, ஏனெனில் தேவையான குழாய்கள் அப்போதே வெட்டப்பட்டிருக்கும். எதுவாயினும் முன்கூட்டியே எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் குழாய்கள் எங்கெங்கே எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதை வரைபடம் போலக் காட்டிவிடும்.

நீரிழிவும் டாமொக்சிபனும்தான் நீங்கள் உண்மையாகக் கவனிக்க வேண்டியவை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் வயிற்றுக் காயம் ஆறுவது தள்ளிப்போகும், தொற்றும் எளிதில் வரும். அறுவைத் தேதியைக் குறிப்பதற்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரையைச் சீர்செய்யத் தொடங்குங்கள். டாமொக்சிபன் இரத்தம் உறையும் போக்கைச் சற்றுக் கூட்டுவது; நுண்குழாய்களை இணைக்கும் அறுவையில் உறைவுதான் முதல் எதிரி. எனவே பல மருத்துவர்கள் அறுவைக்குச் சில வாரங்கள் முன்னரே அதை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. புற்றுநோய் மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் பேசி, எந்த நாள் நிறுத்துவது, எந்த நாள் மீண்டும் தொடங்குவது என்று எழுதித் தர வேண்டும். மீன் எண்ணெய், ஜின்செங், பூண்டு மாத்திரை, ஊரிலிருந்து வரவழைத்த லேகியம் எதுவானாலும் மறைக்காமல் பட்டியலிட்டுக் கொடுங்கள். "மூலிகைதானே" என்று சொல்லாமல் விட்டவர்களில் சிலருக்கு இரத்தக் கசிவு நிற்காமல் மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். புகைப்பழக்கம் இருந்தால் அதை விட்ட பிறகுதான் இந்தப் பேச்சே.

முதல் இரண்டு இரவுகளை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பெண்கள் பயந்துவிடுகிறார்கள். கண் விழிக்கும்போது இடுப்பு மடங்கி, முழங்காலுக்கடியில் தலையணைகளோடு, கதகதப்பான போர்வைக்குள் இருப்பீர்கள். குளிர்ந்தால் குழாய்கள் சுருங்கும் என்பதால் அறையின் குளிரூட்டியைக் குறைத்தே வைப்பார்கள். புதிய மார்பகத்தின் தோலில் ஓர் இடத்தில் சிறிய நீல நூல் தையல் ஒன்று தெரியும். குழாய் அதன் அடியில் ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. மணிக்கொரு முறை தாதி வந்து, அந்த இடத்தில் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைப்பார். சரியாக ஓடும் தமனி "சர்க், சர்க்" என்று துடிப்போடு ஒலிக்கும். சிரையோ காற்று வீசுவது போல இடைவிடாமல் இரையும். பிறகு விரலால் அழுத்தி விடுவார், வெளுத்த இடத்தில் நிறம் எத்தனை நொடியில் திரும்புகிறது என்று பார்ப்பார். நிறம் திரும்பத் தாமதமாகித் தோல் குளிர்ந்தால் உள்ளே வரும் இரத்தத்தில் குறை. சட்டெனத் திரும்பித் தோல் ஊதா பூத்து உப்பினால் வெளியேறும் இரத்தத்தில் அடைப்பு. கருமையான தோலில் நிறமாற்றம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. அதனால் நாங்கள் புறங்கையை வைத்து வெப்பத்தையும், டாப்ளர் ஒலியையும் அதிகமாக நம்புவோம். தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். குழாயில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் இந்த முதல் இரண்டு நாளில்தான் வரும். சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து அறுவை அறைக்குக் கொண்டுபோனால் திசுவைக் காப்பாற்றிவிட முடியும்.

அபாயங்களையும் நேராகச் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் திசு முழுவதுமாகக் கெட்டுப்போவது 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை நடக்கிறது. அப்படி நேர்ந்தால் அந்தத் திசுவை எடுத்துவிட வேண்டியதுதான். வயிற்றிலிருந்து இரண்டாம் முறை எடுக்க முடியாது. காலில் இரத்தம் உறைதல், வயிற்றில் நீர் கோத்தல், தொப்புளைச் சுற்றிய தையல் விடுதல், வயிற்றில் புடைப்பு ஆகியவையும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வுகளில், சொந்தத் திசுவால் மார்பகம் அமைத்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் அதிகமாகவே வந்தன. ஆனால் முழுத் தோல்வி இம்பிளான்ட் வைத்தவர்களிடம்தான் அதிகம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது தம் மார்பகத்தைக் குறித்து அதிக மனநிறைவோடு இருந்தவர்களும் சொந்தத் திசுவைத் தேர்ந்தவர்களே. கதிர்வீச்சுப் பட்ட உடலுக்கு அந்த முதற்காலச் சிரமத்தை ஏற்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்பது உங்கள் குடும்பத்தார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. மருத்துவமனையில் ஏறத்தாழ ஐந்து நாள், சிலருக்கு ஒரு வாரம். அதற்குப் பின் ஒன்றிரண்டு வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, கூன் விழுந்தவர் போலத்தான் நடப்பீர்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பது, சம்மணம் போட்டு உட்காருவது, குந்துவது எல்லாம் அந்தக் காலத்தில் முடியாது. சாய்வு நாற்காலி ஒன்று வேண்டும். உடலில் இரண்டு முதல் நான்கு வடிகுழாய்கள் தொங்கும். ஒவ்வொன்றின் முனையிலும் கையடக்கக் குடுவை இருக்கும். காலையில் அவற்றைத் திறந்து எத்தனை மில்லிலிட்டர் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். குளிக்கும்போது குடுவைகளை எங்கே வைப்பது என்று தடுமாறுவார்கள். அலுவலக அடையாள அட்டைக்கான கழுத்துப் பட்டையை மாட்டி அதில் கோத்துக்கொள்ளுங்கள், கை இரண்டும் விடுபடும். ஆறு வாரம் வரை தேக்கா சந்தைப் பையோ, அரிசி மூட்டையோ, பேரப்பிள்ளையோ தூக்கக் கூடாது. வயிற்றுப் பட்டையை நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள் முழுதும் அணிவது வதை. உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். சேலை கட்டுபவரானால் சில மாதங்களுக்குப் பாவாடை நாடாவை விட்டு அகலமான எலாஸ்டிக் பட்டைக்கு மாறுங்கள். நாடா அழுத்துவது அந்தத் தழும்புக்கு ஆகாது.

கடைசியில் கிடைப்பது என்ன? உங்கள் உடலின் வெப்பத்தோடு இருக்கும் ஒரு மார்பகம். இம்பிளான்ட் வைத்த பெண்கள் பலர், குளிரூட்டிய ரயிலில் வந்து இறங்கிய பிறகும் நெஞ்சில் அந்தப் பக்கம் மட்டும் நெடுநேரம் சில்லென்று இருக்கும் என்று சொல்வார்கள். திசு அப்படி இருக்காது. எடை கூடினால் கூடும், குறைந்தால் குறையும், ரவிக்கை அளவு இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும். உணர்ச்சி மட்டும் முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். நரம்பை இணைத்தாலும் ஓரளவுதான், அதுவும் மெல்ல. முதல் அறுவையோடு வடிவம் முடிந்துவிடுவதும் இல்லை. மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, சிறிய அறுவையில் பள்ளங்களில் கொழுப்பு நிரப்புவது, மறுபக்கத்தைச் சமன்படுத்துவது, விரும்பினால் முலைக்காம்பு அமைப்பது என்று தொடரும். பின்னாளில் கெட்டியான சிறு கட்டி ஒன்று தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் இரத்தம் எட்டாமல் இறுகிய கொழுப்பாக இருக்கும். என்றாலும் ஊகித்துக்கொண்டு இருந்துவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வயிற்றில் திசு போதாதவர்களுக்குத் தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ எடுக்கலாம். முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு, அது குழாய் இணைப்பே இல்லாத குறுகிய அறுவை, ஆனால் பலருக்கு அதன் அடியில் மீண்டும் ஒரு சிறு இம்பிளான்ட் வேண்டியிருக்கும். இம்பிளான்டை எடுத்துவிட்டு எதுவும் வைக்காமல் தட்டையாகத் தைத்துக்கொள்வதும் முழுமையான ஒரு தேர்வே. அதை மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு இங்கே அழகுக்காகச் செய்யும் அறுவையாகக் கருதப்படுவதில்லை. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கையும், மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதியையும் அதற்குரிய வரம்புக்குள் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். மானியம் உள்ள சி, பி2 வகுப்புப் படுக்கைக்கும் மானியம் இல்லாத ஏ வகுப்புக்கும் தொகையில் பெரிய இடைவெளி உண்டு. மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம், இம்பிளான்ட் அகற்றுவது, திசு மாற்றுவது, பின்னாளில் வரும் சிறு அறுவைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். தனியார் காப்புறுதி இருந்தால் முன் ஒப்புதலையும் எழுத்தில் பெறுங்கள். இயலாவிட்டால் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்கத் தயங்க வேண்டாம்.

"இந்த வயதில் எதற்கு" என்ற கேள்விக்கு வருகிறேன். கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள், உங்களை மீண்டும் அறுவை மேசையில் பார்க்க அவர்களுக்குப் பயம். ஆனால் ஒவ்வோர் இரவும் இடப்பக்கம் திரும்பும்போது விழித்துக்கொள்வது நீங்கள்தான், அவர்கள் அல்லர். 60 வயதைக் கடந்தும் இந்த அறுவையைச் செய்துகொண்டு நலமாக வீடு திரும்பியவர்களை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவர்கள் எடைபோடுவது உடலின் நிலையை, பிறந்த ஆண்டை மட்டும் அன்று. அடுத்த சந்திப்புக்குக் கணவரையும் மூத்த பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். இம்பிளான்ட் அட்டை, கதிர்வீச்சுப் பதிவு, மருந்துப் பட்டியல், கடைசி எச்பிஏ1சி முடிவு ஆகியவை கையில் இருக்கட்டும். "ஆண்டுக்கு எத்தனை டீப் ஃபிளாப் செய்கிறீர்கள், அவற்றில் இம்பிளான்டிலிருந்து மாறியவை எத்தனை, நள்ளிரவில் சிக்கல் வந்தால் யார் வருவார்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஆறு வாரம் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை அவர் வாயாலேயே விளக்கச் சொல்லுங்கள், உங்கள் வீட்டார் பக்கத்தில் அமர்ந்து கேட்கும்படி.